கலகப் பாட்டை விற்றது யார்?

பணக்கார வீட்டுப் பிள்ளைகள் வியட்நாம் போருக்குப் போகாமல் நழுவியதைத் திட்டி 1969-ல் வந்த பாட்டு ‘ஃபார்ச்சுனேட் சன்’. எழுதிப் பாடியவர் க்ரீடன்ஸ் என்ற அமெரிக்க ராக் குழுவின் ஜான் ஃபோகர்ட்டி. பல வருடம் கழித்து ராங்லர் ஜீன்ஸ் விளம்பரத்தில் அதே பாட்டு ஒலித்தது. கொடியசைக்கும் முதல் இரண்டு வரி மட்டும்தான். பீரங்கி நம் பக்கம் திரும்பும் இடம் வருவதற்குள் கத்தரி போட்டாயிற்று. கேட்டால் அசல் தேசபக்திப் பாட்டு!

காசுக்கு விலைபோனார் என்று ஃபோகர்ட்டியைத் திட்டினால் ஆள் மாறிவிடும். உரிமை முழுக்க ஃபேண்டஸி ரெக்கார்ட்ஸ் என்ற லேபிள் (பாட்டைப் பதிந்து வெளியிடும் கம்பெனி) கையில் இருந்தது. அவரைக் கேட்க வேண்டிய கட்டாயமே கிடையாது. பப்ளிஷிங் உரிமையில் பெரும்பங்கு அவர் கைக்கு வந்தது 2023-ல்தான்.

ஒரு பாட்டில் இரண்டு சொத்து இருக்கிறது. வரியும் மெட்டும் பப்ளிஷிங். பதிவான ஒலி மாஸ்டர். அசல் பதிவை விளம்பரத்தில் போட இரண்டு பக்கமும் சம்மதிக்க வேண்டும். வேறு குரலில் புதிதாகப் பாடவைத்தால் பப்ளிஷிங் சம்மதம் போதும். ஆகவே விளம்பரத்தில் யார் குரல் என்பதை முதலில் கவனியுங்கள். பாப் டிலன் எழுதிய ‘தி டைம்ஸ் தே ஆர் எ-சேஞ்சின்’ பாட்டை 1994-ல் கூப்பர்ஸ் அண்ட் லைப்ராண்ட் என்ற கணக்குத் தணிக்கை நிறுவனம் விளம்பரத்துக்கு எடுத்தபோது பாடியவர் ரிச்சி ஹேவன்ஸ் என்ற வேறு பாடகர். 1996-ல் மாண்ட்ரியல் வங்கியும் எடுத்தது. அப்போது பப்ளிஷிங் டிலன் கையில் இருந்தது. இங்கே கேள்வியை அவரிடமே கேட்கலாம்.

மாஸ்டர் யாருடையது என்று பார்க்க, ஸ்ட்ரீமிங் ஆப்பில் ஆல்பம் பக்கத்தின் அடியில் வட்டத்துக்குள் ‘பி’ போட்ட வரி இருக்கும். பாடகரின் சொந்த கம்பெனி பெயர் வந்து, பின்னால் இன்னொரு லேபிளுக்கு ‘லைசென்ஸ்’ என்றிருந்தால் பொதுவாகச் சொத்து பாடகருடையது, லேபிள் வாடகைக்கு எடுத்திருக்கிறது. லேபிள் பெயர் மட்டும் இருந்தால் பெரும்பாலும் சொத்தும் லேபிளுடையதே. வட்டத்துக்குள் ‘சி’ போட்ட வரியைப் பப்ளிஷிங் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது அட்டைப்படம், அச்சு விவரம் சம்பந்தப்பட்டது. பப்ளிஷிங் பங்கு தெரிய பாட்டெழுதுபவர்களுக்காக உரிமைத்தொகை வசூலிக்கும் அமெரிக்க அமைப்புகளான ஆஸ்கேப், பிஎம்ஐ தளங்களில் பாட்டின் பெயரைத் தேட வேண்டும்.

பெரிய லேபிளில் இருப்பதே துரோகம் என்பது சோம்பேறித்தனமான குற்றச்சாட்டு. ஆனால் வேடிக்கைக்குக் குறைவில்லை. 2009 கிறிஸ்துமஸுக்கு பிரிட்டனில் ‘எக்ஸ் ஃபேக்டர்’ என்ற டிவி போட்டியின் பாட்டை வீழ்த்த, ரேஜ் அகெய்ன்ஸ்ட் த மெஷின் என்ற கலகக் குழுவின் பாட்டை ரசிகர்கள் காசு கொடுத்து வாங்கி முதலிடத்தில் வைத்தார்கள். தோற்றதும் சோனி, ஜெயித்ததும் சோனி.

சும்பாவாம்பாவின் கதை இன்னும் சிக்கல். இஎம்ஐ என்ற பெரிய லேபிளைக் கெட்ட வார்த்தையில் திட்டும் பெயர்கொண்ட தொகுப்பில் 1989-ல் பாட்டு கொடுத்த இந்த அனார்க்கிஸ்ட் (அரசதிகாரமே வேண்டாம் என்னும்) பிரிட்டிஷ் குழு, 1997-ல் அதே இஎம்ஐ-யில் கையெழுத்திட்டது. ஆயுதத் தொழிலில் இருந்த தார்ன் நிறுவனத்திலிருந்து இஎம்ஐ பிரிந்துவிட்டது என்று சமாதானம் சொன்னார்கள். பழைய ரசிகர்கள் ஏற்கவில்லை. எனக்கும் அது நொண்டிச் சமாதானமாகத்தான் படுகிறது. ஆனால் 2002-ல் ஜெனரல் மோட்டார்ஸ் கார் விளம்பரத்துக்கு ஒரு பாட்டைக் கொடுத்து, கிடைத்த சுமார் 1 லட்சம் டாலரை இண்டிமீடியா, கார்ப்வாட்ச் என்ற கார்ப்பரேட் எதிர்ப்பு அமைப்புகளுக்குக் கொடுத்தார்கள். கம்பெனி கொடுத்த பணம் கம்பெனிகளைக் குடையும் வேலைக்கே போயிற்று. கையெழுத்தோடு நிறுத்தாமல், பணம் போன இடத்தையும் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

அயர்லாந்து ராக் குழு யூ2 விஷயத்தில் லேபிளும் விளம்பரமும் தேவையே இல்லை, வரிக்கணக்கு போதும். அயர்லாந்து கலைஞர்களுக்குத் தந்த வரிவிலக்குக்கு 2,50,000 யூரோ உச்சவரம்பு வருகிறது என்றதும், 2006-ல் பப்ளிஷிங் தொழிலை நெதர்லாந்துக்கு மாற்றினார்கள். சட்டப்படி சரி. ஆனால் ஏழை நாடுகளுக்கு அரசுகள் கூடுதல் நிதி தரவேண்டும் என்று மேடைதோறும் கேட்டவர் குழுவின் பாடகர் போனோ. அந்த நிதி வரிப்பணம்தானே! 2011-ல் பிரிட்டனின் கிளாஸ்டன்பரி இசை விழாவில் யூ2 பாடிக்கொண்டிருந்தபோது ‘நீங்களும் வரி கட்டுகிறீர்களா?’ என்று, குழுவின் பெயரை வைத்தே சிலேடையாக எழுதிய ராட்சத பலூனைக் கூட்டத்தில் சிலர் ஏற்ற முயன்றார்கள். காவலர்கள் வந்து பிடுங்கிப்போனார்கள்.