ஜெனோவா நாட்குறிப்பு: உப்புக்காற்றில் ஒரு நாள்

நவம்பர் 17, 2023, வெள்ளி. பவீயா, இத்தாலி

நாளை துறைமுக நகரான ஜெனோவாவுக்குச் செல்கிறோம். கட்டமைப்புப் பொறியியல் வகுப்பில், 2018இல் அங்கே இடிந்து விழுந்த மொராந்தி பாலத்தைப் பற்றிய பாடம் மூன்று வாரங்களாக நடந்தது. வரைபடங்களிலும் கணக்குகளிலும் மட்டும் அறிந்த அந்த இடத்தை ஒருமுறையேனும் நேரில் காணாமல் தேர்வு எழுத எனக்கு மனம் வரவில்லை. பாரி நகரத்துத் தோழி, துருக்கி நண்பன், நான், ஜெனோவாவிலேயே பிறந்து வளர்ந்த வகுப்புத்தோழி என நால்வர் சேர்ந்திருக்கிறோம். வழிகாட்ட ஒப்புக்கொண்ட அவள் ஒரே ஒரு நிபந்தனை விதித்தாள்: முதலில் துறைமுகத்தைப் பார்க்க வேண்டும், அந்தப் பாலம் ஏன் தேவைப்பட்டது என்பது அங்கிருந்து தொடங்கினால்தான் விளங்கும் என்றாள்.

நவம்பர் 18, சனி. திரும்பும் இரயிலில்

காலையில் பவீயா நிலையத்தில் எதிர் நடைமேடை தெரியாத அளவுக்கு மூடுபனி. வோகெராவையும் தொர்தோனாவையும் கடந்து அப்பெனைன் மலையின் சுரங்கப்பாதைகளுக்குள் நுழைந்த இரயில் மறுபுறம் வெளிவந்தபோது, வேறொரு நாட்டுக்கு வந்துவிட்டதைப் போல வெயில் அடித்துக்கொண்டிருந்தது. இறங்கியவுடன் முகத்தில் பட்ட காற்றில் உப்பின் வாடை இருந்தது. தூத்துக்குடியில் வளர்ந்தவனுக்கு அந்த வாடையை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

காலை உணவாக ஃபொக்காச்சா ரொட்டியை வாங்கி, இவ்வூர் வழக்கப்படி பால் கலந்த காபியில் தோய்த்து உண்டோம். எண்ணெயும் உப்பும் ஊறிய ரொட்டி காபியோடு சேருமா என்று தயங்கினேன், நன்றாகவே சேர்ந்தது. பிறகு போர்தெல்லோ சதுக்கத்திலிருந்து மின்தூக்கியில் ஏறிக் காஸ்தெல்லெத்தோ மேட்டை அடைந்தோம். மலையும் கடலும் நெருக்கிப் பிடித்த இந்நகரில், பேருந்தைப் போலவே மின்தூக்கியும் அன்றாடப் போக்குவரத்து.

மேலிருந்து பார்த்தபோது தோழி சொன்னதன் பொருள் விளங்கியது. சாம்பல் நிறப் பலகைக்கல் வேய்ந்த கூரைகள் கீழே ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்க, அவற்றுக்கு அப்பால் கப்பல்துறைகளும் பாரந்தூக்கிகளும் மேற்கு நோக்கி நீண்டுகொண்டே போயின. இடையில் 1543இல் எழுப்பப்பட்ட, 77 மீட்டர் உயரமுள்ள லான்தெர்னா கலங்கரை விளக்கம் நின்றது. கடலுக்கும் மலைக்கும் நடுவே சமதளம் என்று சொல்லத்தக்க நிலம் ஏறக்குறைய இல்லை. இறங்கும் சரக்கு மிலானுக்கோ பிரான்சுக்கோ போக வேண்டுமானால் பள்ளத்தாக்குகளின் வழியாகத்தான் போக வேண்டும். அப்படிப் போகும் நெடுஞ்சாலைகளை போல்செவெரா பள்ளத்தாக்கின் மேலாக இணைத்ததுதான் மொராந்தி பாலம்.

இறங்கி வந்து பழைய துறைமுகத்தில் நடந்தோம். கொலம்பஸ் கடற்பயணத்தின் 500ஆம் ஆண்டையொட்டி, 1992இல் கட்டடக்கலைஞர் ரென்சோ பியானோ இப்பகுதியைச் சீரமைத்து மக்களுக்குத் திறந்துவிட்டார். பக்கத்திலேயே 1260இல் கட்டத் தொடங்கிய சான் ஜோர்ஜோ மாளிகை இருக்கிறது. மார்க்கோ போலோ இங்கேதான் சிறை வைக்கப்பட்டிருந்தார் என்பது மரபு. அவர் சொல்லச் சொல்லச் சிறைத்தோழர் ருஸ்திகெல்லோ எழுதிய குறிப்புகளில் பாண்டிய நாட்டு முத்துக்குளிப்பும் காயல் துறைமுகமும் வருகின்றன. எங்கள் ஊருக்குப் பக்கத்துத் துறைமுகத்தைப் பற்றி இந்த ஊரின் சிறையில் ஒருவர் பேசியிருக்கிறார் என்ற எண்ணம் வெகுநேரம் என்னுடன் நடந்து வந்தது.

என்னை அதிகம் நிறுத்திவைத்தது என்பிக் தானியக் களஞ்சியம். பிரெஞ்சுப் பொறியாளர் என்பிக் 1892இல் காப்புரிமை பெற்ற முறையில், 1901இல் கம்பியும் கான்கிரீட்டும் சேர்த்துக் கட்டப்பட்ட இது, இத்தாலியின் முதல் பெரிய கான்கிரீட் கட்டடங்களுள் ஒன்று. பல பத்தாண்டுகளாகப் பயன்பாடின்றிக் கிடந்த அதன் சுவரில் மேற்பூச்சு உதிர்ந்த இடங்களில் துருவேறிய கம்பிகள் விலா எலும்புகளைப் போல வெளியே தெரிந்தன. நோய் எங்கே இருக்கிறது என்று கண்ணாலேயே சுட்டிக்காட்டலாம்.

மதியம் ஒரு சிறு கடையில் ஃபரினாத்தா உண்டோம். கடலைமாவைத் தண்ணீரிலும் ஆலிவ் எண்ணெயிலும் கரைத்து, அகன்ற செம்புத் தட்டில் ஊற்றி, விறகடுப்பில் சுட்டெடுப்பது. அதன்பின் மெட்ரோவில் பிரின் நிலையம் வரை சென்று நடந்தோம்; யாரும் அதிகம் பேசவில்லை.

1967இல் திறக்கப்பட்ட மொராந்தி பாலத்தில் 90 மீட்டர் உயரக் கோபுரங்கள் மூன்று இருந்தன. ஒவ்வொன்றிலும், பாலத்தின் தளத்தைத் தாங்கிப் பிடிக்கும் சாய்வான வடங்கள் நான்கே. வழக்கமாக வெளியே தெரியும் எஃகு வடங்களை, அவை அரிக்கப்படாமல் காப்பதற்காகவே பாலத்தை வடிவமைத்த பொறியாளர் மொராந்தி கான்கிரீட்டுக்குள் பொதித்தார். காப்பதற்கென்று போர்த்தியதே அவற்றைக் கண்ணிலிருந்து மறைத்தது. கடற்காற்றும் ஆலைப்புகையும் கான்கிரீட்டைச் சிதைத்து வருவதை அவரே 1970களின் இறுதியில் எழுதினார். கிழக்குக் கோபுரத்தின் வடங்கள் 1990களின் தொடக்கத்தில் புதிய எஃகு வடங்களால் வலுவூட்டப்பட்டன. மற்ற இரு கோபுரங்களுக்கும் அது முழுமையாகச் செய்யப்படவில்லை. அவற்றுள் ஒன்பதாம் எண் கோபுரம் 2018 ஆகஸ்ட் 14 அன்று காலை 11:36க்கு, கொட்டும் மழையில், தன்மீது சென்றுகொண்டிருந்த வண்டிகளுடன் சரிந்தது. 43 பேர் இறந்தார்கள்.

அந்த இடத்தில் 43 மரங்கள் வட்டமாக நடப்பட்டிருக்கின்றன; ஒன்றைப் போல மற்றொன்று இல்லை. சில இலையுதிர்த்து நின்றன, சில இன்னும் பச்சையாக இருந்தன. ஜெனோவாத் தோழி அப்போது பள்ளி மாணவி. அன்று பாட்டி வீட்டில் இருந்தாளாம். ஓசையைக் கேட்டு இடி என்றே நினைத்ததாகவும், பக்கத்து வீட்டுக்காரர் தெருவில் நின்று அழுததைப் பார்த்த பிறகே தெரிந்ததாகவும் சொன்னாள். அதே வாரத்தில் இரண்டு முறை அப்பாலத்தில் சென்றிருந்தாளாம். வகுப்பில் இவ்வளவு நாள் அந்த வடத்தின் விசையை அவள் எங்களோடு சேர்ந்து கணக்கிட்டுக்கொண்டிருந்தாள். ஒரு சொல்லும் சொன்னதில்லை.

தலைக்கு மேலே பியானோ தம் ஊருக்கு நன்கொடையாக வடிவமைத்துக் கொடுத்த புதிய பாலம், 1067 மீட்டர் நீளத்தில், 2020 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அடிப்பகுதியைச் சோதிக்க இயந்திரங்களும், எஃகுத் தளத்தின் உள்ளே ஈரத்தை அகற்றும் அமைப்பும் அதில் இருக்கின்றன. துருக்கி நண்பன் தூண்களை எண்ணிக் குறித்துக்கொண்டான். நான் ஏட்டைத் திறக்கவில்லை.

நவம்பர் 19, ஞாயிறு. பவீயா

மீண்டும் மூடுபனி. காலையில் அம்மாவிடம் பேசினேன். சென்ற ஆண்டு எங்கள் வீட்டு மாடிச் சன்னல் மேலிருக்கும் வெயில்மறைப்பில் ஒரு விரிசல் விட்டு, அதன் ஓரமாகச் செந்நிறத்தில் நீர் வழிந்திருந்தது நினைவுக்கு வந்தது. அது என்னவாயிற்று என்று கேட்டேன். தீபாவளிக்கு முன் சிமெண்ட் பூசி வெள்ளையும் அடித்தாகிவிட்டது, இப்போது தடமே தெரியவில்லை என்றார்.

பூச்சை உடைத்து உள்ளே கம்பியைப் பார்க்க வேண்டும். துருவை முழுவதும் சுரண்டியெடுத்த பிறகே பூச வேண்டும். அதுவரை அதன் கீழே யாரும் நாற்காலி போட்டு உட்கார வேண்டாம் என்று விளக்கினேன். நன்றாயிருப்பதை ஏன் உடைக்க வேண்டும் என்று இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் பொறுமையாகச் சொன்னேன்.

"சரிய்யா, மழை விடட்டும், கொத்தனாரக் கூப்பிடுதேன்" என்றார். உடைத்தவுடன், பூசுவதற்கு முன், படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.