வீங்கின கை
போன கிழமை இரவுக் கடமை. வாட்டில் கட்டில் போதாமல் நிலத்திலும் பாய், நானும் இன்னொரு தங்கச்சியும்தான் நேர்ஸ்மார். விபத்தில் வந்த பெடியனை டொக்டர் பார்த்துக்கொண்டிருக்க, வயிற்றுவலியோடு வந்த ஐயாவின் மகன் "எவ்வளவு நேரம் நிற்கிறது?" என்று கத்தி, தங்கச்சியின் கையைப் பிடித்து முறுக்கிவிட்டார். அவருடைய பயம் எனக்கு விளங்குகிறது, தகப்பன் துடிக்கும்போது யாருக்கும் பொறுமை இராது. ஆனால் முந்தி வந்தவரை அல்ல, உயிர் ஆபத்தில் இருப்பவரைத்தான் முதலில் பார்ப்போம். அதை வாசலிலேயே சொல்ல ஒரு ஆள் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் சுகாதார ஊழியர்களில் 8 முதல் 38 வீதமானோர் வேலைக்காலத்தில் ஒருதரமாவது அடிவாங்குகிறார்கள். விடிய கல்லடிப் பாலத்தால் வீட்டுக்குப் போனவள், வீங்கின கையைத் தாய்க்குக் காட்டவில்லையாம். முறைப்பாடு எழுத நானும் கூடப் போகிறேன்.