புதுத் தேரைகளும் 60 நாள் தனிப்பெட்டியும்

புதிதாக வாங்கி வரும் தேரையை, பழைய தேரைகளுக்கு நோய் தொற்றாமலிருக்க 60 நாள் தனியே வைக்கும் பெட்டியைத்தான் தனிப்பெட்டி என்கிறோம். தேரை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. அடிவயிற்றிலும் தொடையின் உட்பக்கத்திலும் உள்ள மெல்லிய தோல் வழியாகவே உறிஞ்சிக்கொள்கிறது. அது உட்காரும் இடத்தில் குளோரின் இருந்தாலும், சோப்பு மிச்சம் இருந்தாலும், அதன் சிறுநீரே தேங்கியிருந்தாலும் எல்லாம் உடம்புக்குள் போகும். தனிப்பெட்டி அமைப்பதில் எடுக்கும் ஒவ்வொரு முடிவுக்கும் இதுதான் அடிப்படை.

வருவதற்கு ஒரு வாரம் முன்

ஒரு தேரைக்கு இரண்டு பெட்டி. ஒன்றில் தேரை இருக்கும்போது மற்றது கழுவிக் காய்ந்துகொண்டிருக்கும். 7, 8 செ.மீ. நீளத் தேரைக்கு 40 × 25 செ.மீ. அடிப்பரப்பும் 25 செ.மீ. உயரமும் உள்ள, உள்ளே பார்க்க முடிகிற பிளாஸ்டிக் பெட்டி போதும். மூடி பூட்டிக்கொள்ளும் வகையாக இருக்க வேண்டும். சும்மா மேலே வைத்த மூடியை இரவில் முட்டித் தள்ளிவிடும். எதிரெதிர்ப் பக்கங்களில் 3 மி.மீ. துளைகள், பக்கத்துக்கு இருபது. சூடான கம்பியால் துளையிட்டால் உட்புறம் பிசிர் நிற்கும். அதை உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்காவிட்டால், வெளியே வரப் பார்க்கும் தேரை மூக்கைக் கிழித்துக்கொள்ளும்.

தரைக்கு மண், நார்த்தூள், பாசி எதுவும் வேண்டாம். மணமும் சாயமும் இல்லாத சமையலறைக் காகிதம் மூன்று அடுக்கு. பாதியை நனைத்துப் பிழிந்து விரித்து, மறுபாதியைக் காய்ந்தபடி விட்டால் எங்கே உட்காருவது என்பதைத் தேரையே முடிவு செய்துகொள்ளும். ஒளிந்துகொள்ள ஒரு பக்கம் வெட்டிய பிளாஸ்டிக் டப்பா, ஈரப் பக்கம் ஒன்று, உலர் பக்கம் ஒன்று. மண்சட்டி அழகுதான், ஆனால் அதன் நுண்துளைகளுக்குள் போன கிருமியைக் கழுவி எடுக்க முடியாது.

தண்ணீர்க் கிண்ணத்தின் ஆழம் தேரையின் தோள் உயரத்தைத் தாண்டக் கூடாது. தேரைகள் நன்றாக நீந்துபவை அல்ல. வழுக்கும் சுவருள்ள ஆழக் கிண்ணத்தில் மூழ்கிச் சாகும். குழாய்த் தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் போகும், குளோரினும் அமோனியாவும் சேர்ந்த குளோரமின் போகாது. எது கலந்திருக்கிறது என்று தெரியாதபோது, மீன்தொட்டிக்கு விற்கும் குளோரின் நீக்கியில் குளோரமினையும் நீக்கும் வகையை வாங்கி, புட்டியில் சொன்ன அளவு விடுவதே சரி.

முதல் நாள்

வந்ததும் எடை. சிறு மூடியுள்ள டப்பாவைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, பிறகு தேரையை உள்ளே விட வேண்டும். ஒரு கிராம் துல்லியம் போதும். சிறு தேரை என்றால் 0.1 கிராம். அப்படியே டப்பாவைத் தூக்கி அடியிலிருந்து பார்த்தால் வயிறும் தொடையும் தெரியும். தொடையின் உட்புறம் செந்நிறமாகத் தெரிந்தால் இரத்தத்தில் பாக்டீரியா பரவியிருக்கலாம். அன்றே கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். ஒரு படம் எடுத்து வைத்தால் பிற்பாடு ஒப்பிட உதவும்.

பிறகு அறை வெப்பத் தண்ணீரில் 20 நிமிடம் உட்கார வைத்து, தனிப்பெட்டிக்குள் விட்டு, இருட்டாக்கி, 48 மணி நேரம் தொந்தரவு செய்யாமல் விடலாம். முதல் நாளே தீனி போட்டால் அது சாப்பிடாது. மிஞ்சிய பூச்சி தேரையைக் கடிக்கும்.

கையாளும்போது பவுடர் இல்லாத நைட்ரைல் கையுறை, அதையும் குளோரின் நீக்கிய தண்ணீரில் நனைத்து. கண்ணுக்குப் பின்னால் புடைத்திருக்கும் சுரப்பியிலிருந்து வெண்பால் போன்ற நஞ்சு கசிந்தால் தேரை மிரண்டிருக்கிறது என்று பொருள். கையுறையைக் கழற்றி, கையைக் கழுவிய பிறகே கண்ணருகே கொண்டுபோக வேண்டும். இரண்டு தேரைகளை ஒரே ஈர டப்பாவில் கொண்டுவருவதும் இதனால்தான் ஆபத்து: ஒன்று கக்கிய நஞ்சில் மற்றதும் ஊறும்.

முதல் வாரம்

காகிதத்தைத் தினமும் மாற்ற வேண்டும். இது வெறும் சுத்தத்துக்காக அல்ல. ராப்டியாஸ் என்ற நுரையீரல் புழுவின் முட்டைகள் நுரையீரலிலிருந்து தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டு, எச்சத்தோடு வெளியே வருகின்றன. வெளியே ஈரத்தில் சில நாள் வளர்ந்த இளம்புழு, அதே தேரையின் தோலைத் துளைத்து மீண்டும் உள்ளே போகும். வெளியிடத்தில் தேரை நகர்ந்துவிடும், புழுச் சுமை பெருகாது. மூடிய பெட்டியில் தேரை தன் எச்சத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. கொஞ்சமாக இருந்த புழு பல மடங்காகிறது. தினம் ஒரு காகிதம் அந்தச் சுழற்சியை அறுக்கிறது. மண் நிரப்பிய பெட்டியில் இதைச் செய்யவே முடியாது.

சிறுநீருக்காகவும் காகிதத்தை மாற்ற வேண்டும். அதிலுள்ள யூரியாவை பாக்டீரியா அமோனியாவாக மாற்றும். மூடியைத் திறந்ததும் மூக்கில் காரம் ஏறினால் தேரை ஏற்கெனவே அதை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. உடனே சுத்தமான பெட்டிக்கு மாற்ற வேண்டும். உள்சுவரில் எந்நேரமும் நீர்த்துளி நின்றால் காற்றோட்டம் போதவில்லை, துளைகளைக் கூட்ட வேண்டும்.

மூன்றாம் நாளிலிருந்து மாலையில் தீனி. சுவர்க்கோழிப் பூச்சியின் அகலம் தேரையின் இரு கண்களுக்கு இடைப்பட்ட தூரத்தைத் தாண்ட வேண்டாம். கால்சியப் பொடியில் புரட்டி நான்கைந்து போட்டு, 20 நிமிடம் கழித்து மிஞ்சியதை எடுத்துவிடலாம். எடுத்த பூச்சியை வேறு தேரைக்குப் போடக் கூடாது, அதுவும் நோயைச் சுமக்கும்.

வேலை வரிசை முக்கியம்: பழைய தேரைகளுக்கு முதலில், புதியவற்றுக்குக் கடைசியில். இடுக்கி, கிண்ணம், துடைக்கும் துணி எல்லாம் தனி. எல்லாம் சரியாகச் செய்தும் ஒரே இடுக்கியால் கோட்டைவிடுவதுதான் அதிகம்.

2 முதல் 8 வாரம்

எடை வாரம் ஒருமுறை, அதே கிழமையில், ஊற வைப்பதற்கும் தீனிக்கும் முன்பு. தேரை சிறுநீர்ப்பையில் நிறையத் தண்ணீரைச் சேமிக்கும். கையில் எடுத்ததும் பீய்ச்சிவிட்டால் 40 கிராம் சட்டென்று 34 ஆகும். அதனால் ஒரு நாள் குறைவைப் பார்த்துப் பதறத் தேவையில்லை. தொடர்ந்து மூன்று வாரம் இறங்கினால் கவலைப்பட வேண்டும்.

எச்சப் பரிசோதனை மூன்று முறை, சுமார் இரண்டு வார இடைவெளியில். புழு முட்டைகள் தினமும் வெளிவருவதில்லை, அதனால் ஒருமுறை 'ஒன்றுமில்லை' என்று வந்தால் போதாது. புதிய எச்சத்தை ஈரக் காகிதத் துண்டோடு டப்பாவில் அடைத்து, உறைய விடாமல் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் கால்நடை மருத்துவரிடம் கொடுத்துவிட வேண்டும். புழு மருந்தின் அளவை எடையை வைத்து மருத்துவரே சொல்ல வேண்டும். கொஞ்சம் புழு இருப்பதாலேயே எல்லாத் தேரைக்கும் மருந்து தேவைப்படாது. அதையும் அவரே முடிவு செய்யட்டும்.

தேரை, தவளைகளின் தோலைத் தாக்கும், 1999-ல் பெயரிட்டு விவரிக்கப்பட்ட கைட்ரிட் பூஞ்சைக்கு, வயிறு, தொடை, பின்கால் விரல்களில் பஞ்சுக்குச்சியால் தேய்த்து எடுத்து பிசிஆர் என்ற மரபணுச் சோதனை செய்கிறார்கள். அடிக்கடி தோல் உரிவது, உரிந்த தோல் ஒட்டிக்கொண்டே நிற்பது, இரவிலும் கால்களை அகட்டிச் சோர்ந்து கிடப்பது, புரட்டிப் போட்டால் திரும்ப முடியாமல் தவிப்பது ஆகியவை அறிகுறிகள். வாரம் ஒருமுறை தோலை உரித்துத் தின்பது இயல்பு. அந்தப் பூஞ்சை 17 முதல் 25 டிகிரியில் செழிக்கும். சூடேற்றிக் கொல்லலாம் என்று வீட்டில் முயன்றால் குளிர்நாட்டுத் தேரை பூஞ்சைக்கு முன்பே சாகக்கூடும்.

பெட்டி மாற்றும்போது முதலில் அழுக்கை முழுதும் தேய்த்துக் கழுவ வேண்டும், அழுக்கு இருந்தால் பிளீச் வேலை செய்யாது. பிறகு வீட்டு பிளீச் 1 பங்கு, தண்ணீர் 9 பங்கு, 10 நிமிடம். நன்கு அலசி, கடைசி அலசலை குளோரின் நீக்கிய தண்ணீரில் முடித்து, முழுக்கக் காய விட வேண்டும். கழுவிய தண்ணீரிலும் கிருமி இருக்கும். பிளீச் கலந்து வைத்த பிறகே கொட்ட வேண்டும், குளம் குட்டைப் பக்கம் கொண்டுபோகவே கூடாது.

நடுவில் இன்னொரு தேரை அதே பெட்டிக்கு வந்தால் எண்ணிக்கை மறுபடி முதல் நாளிலிருந்து.

60-ஆம் நாளுக்குப் பின்

மூன்று எச்சச் சோதனையும் சுத்தம், எடை இறங்காமல் நிலையாக, தோல் தெளிவு. இந்த மூன்றும் இருந்தால் நிரந்தர இடத்துக்கு மாற்றலாம். ஒன்று தவறினாலும் இன்னும் 30 நாள். வேறு இனத் தேரையோடு சேர்க்க வேண்டாம்.

மண்ணைக் கண்ட தேரை முதல் சில நாள் புதைந்தே கிடக்கும். தோண்டிப் பார்க்காமல், இரவில் மங்கிய சிவப்பு விளக்கில் தண்ணீர்க் கிண்ணத்தருகே தேடினால் தெரியும். மாற்றிய பிறகும் நான்கு வாரம் எடைக் குறிப்பை நிறுத்த வேண்டாம்.