அழுகிய முட்டை நாற்றம்

வாளித் தண்ணீர் மை மாதிரி கறுத்துவிட்டது. நாற்றம் வேறு. அசல் அழுகிய முட்டை!

இன்று துப்பாக்கியில் சுட்டது ஏழே ஏழு குண்டு. கழுவ ஒரு மணி நேரம்.

குழல்வாய் வழியே வெடிமருந்து கெட்டிக்கும் துப்பாக்கி அப்படித்தான். அதில் போடும் கருமருந்தில் 75 பங்கு வெடியுப்பு, 15 கரி, 10 கந்தகம். எரிந்த பிறகு பாதிக்கு மேல் கசடாகவும் புகையாகவும்தான் மிஞ்சும். குழலுக்குள் ஒட்டும் கசடு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஓர் இரவு விட்டால் போதும், துரு.

முதலில் இடிகோல் (மருந்தைக் குத்தி இறக்கும் கோல்) அடிவரை இறங்குகிறதா, உள்ளே மருந்து இல்லையே என்று பார்த்துக்கொண்டேன். அப்புறம் குழலைக் கழற்றி, அடிப்பக்கம் சுடுதண்ணீரில் இருக்கும்படி நிறுத்தி, கோல் நுனியில் ஈரத்துணி சுற்றி மேலும் கீழும் இழுத்தேன். கை பம்பு மாதிரி தண்ணீர் குழலுக்குள் ஏறி இறங்குகிறது. துணி கறுப்பு, சாம்பல், கடைசியில் ஒருவழியாக வெள்ளை.

சூட்டிலேயே குழல் காய்ந்தது. மெல்லிசாக எண்ணெய் பூசினேன். சுடுவதைவிட இந்த வேலைதான் எனக்குப் பிடிக்கிறதோ என்று சந்தேகம்.

நாளைக் காலை இன்னொரு வெள்ளைத் துணி விடுவேன். பழுப்பாக வந்தால், மறுபடி வாளி.