துள்ளும் நியூட்ரானை ப்ராஜெக்டாக எடுப்பவர்களுக்கு

மீக்குளிர் நியூட்ரான்கள் (மிக மெதுவாகப் போகும் நியூட்ரான்கள்) ஒரு தளத்தின்மேல் விழுந்து துள்ளும்போது புவியீர்ப்பில் காட்டும் குவாண்டம் நடத்தையை எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்கு எடுக்கலாமா என்று யோசிக்கிறீர்களா? தாராளமாக எடுங்கள். நானும் இதைத்தான் எடுத்தேன். ஆனால் ஆய்வுக் கட்டுரைகளை டவுன்லோடு செய்வதற்கு முன்னால், ஒரு தாளும் கால்குலேட்டரும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். எண்கள் உங்கள் கையாலேயே வரவேண்டும். அப்புறம் படிக்கும் ஒவ்வொரு கட்டுரையும் தெரிந்த ஊருக்குள் நுழைவது மாதிரி இருக்கும்.

கணக்கு எளியது. நியூட்ரானுக்குக் கீழே ஊடுருவ முடியாத தளம்; மேலே போகப்போக அதன் நிலையாற்றல் நேர்கோட்டில் ஏறுகிறது. குவாண்டம் இயற்பியலின் அடிப்படையான ஷ்ரோடிங்கர் சமன்பாட்டில் இதைப் போட்டால் தீர்வாக ஏய்ரி சார்பு என்ற கணிதச் சார்பு வரும். முதலில் நீள அளவைக் கண்டுபிடியுங்கள். குறைத்த பிளாங்க் மாறிலியின் (பிளாங்க் மாறிலியை 2π ஆல் வகுத்தது) வர்க்கத்தை, நியூட்ரான் நிறையின் வர்க்கம், புவியீர்ப்பு முடுக்கம், 2 ஆகிய மூன்றின் பெருக்கலால் வகுத்துக் கனமூலம் எடுத்தால் 5.87 மைக்ரோமீட்டர் கிடைக்கும். இதை ஏய்ரி சார்பின் சுழிகளான (சார்பு பூஜ்ஜியமாகும் இடங்கள், கழித்தல் குறியை விட்டுவிட்டு) 2.338, 4.088, 5.521 ஆகியவற்றால் பெருக்குங்கள். 13.7, 24.0, 32.4 மைக்ரோமீட்டர் என்று முதல் மூன்று நிலைகளின் உயரங்கள் வந்துவிடும். அந்த உயரங்களை நியூட்ரானின் எடையால் பெருக்கினால் ஆற்றல்கள்: 1.41, 2.46, 3.32 பிக்கோ எலக்ட்ரான் வோல்ட். இவ்வளவு சிறிய ஆற்றலை ஆய்வகத்தில் அளந்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்ப்பாக இருக்கிறது.

நெட், கேட் தேர்வுக்கும் சேர்த்துப் படிக்கிறவர்கள் இதையே டபிள்யூ.கே.பி. என்ற தோராய முறையிலும் போட்டுப் பாருங்கள். 2.338க்குப் பதில் 2.320 வரும். அடிமட்ட நிலையிலேயே ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசம்தான்.

அடுத்து, எல்லாரும் தடுமாறும் இடம். மீக்குளிர் நியூட்ரான் என்பது வினாடிக்குச் சில மீட்டர் வேகத்தில் போவது. அதன் ஆற்றல் 300 நானோ எலக்ட்ரான் வோல்ட்டுக்குள் இருக்கும். வெப்பநிலையாகச் சொன்னால் மில்லிகெல்வின் அளவு. குவாண்டம் நிலையின் ஆற்றலோ அதைவிட லட்சம் மடங்கு அளவில் சிறியது. பிறகு எப்படி அந்த நிலை தெரிகிறது? கிடைத்திசை வேகத்தையும் செங்குத்து வேகத்தையும் தனித்தனியாக வைத்துப் பாருங்கள். நியூட்ரான் பக்கவாட்டில் வினாடிக்கு ஆறேழு மீட்டர் ஓடட்டும். செங்குத்தாக அதற்கு வினாடிக்கு 1.6 சென்டிமீட்டர் வேகம்தான். தளம் சரியான சமமாக, வழவழப்பாக இருந்தால் இரண்டும் ஒன்றோடொன்று கலக்காது. சோதனையின் பாதி உழைப்பு அந்தச் சமதளத்துக்கே போகிறது. கண்ணாடித் தளத்தை முடிவிலாச் சுவராக எடுத்துக்கொள்ளலாமா என்ற கேள்விக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. நியூட்ரானை உள்ளே விடாமல் தடுக்கும் கண்ணாடியின் ஆற்றல் தடை நூறு நானோ எலக்ட்ரான் வோல்ட் அளவு, செங்குத்து ஆற்றல் ஒன்றிரண்டு பிக்கோ. தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

இதெல்லாம் கைவந்த பிறகு 2002ஆம் ஆண்டுச் சோதனையைப் படியுங்கள். பிரான்சின் கிரெனோபிள் நகரில் உள்ள லாவே–லான்ஷவான் நிறுவனத்தின் அணு உலையில் நெஸ்விஷெவ்ஸ்கியும் குழுவினரும் செய்தது. கீழே கண்ணாடித் தளம், மேலே நியூட்ரானை விழுங்கும் தகடு, நடுவே மெல்லிய இடைவெளி. இடைவெளியைக் குறைத்துக்கொண்டே வந்தால் மறுபுறம் வரும் நியூட்ரான்களும் சீராகக் குறைந்துகொண்டே வரும் என்பது பழைய இயற்பியல். நடந்தது வேறு. சுமார் 15 மைக்ரோமீட்டருக்குக் கீழே நியூட்ரான்கள் கிட்டத்தட்ட வரவே இல்லை. முதல் நிலைக்கே 13.7 மைக்ரோமீட்டர் உயரம் வேண்டும் என்று நீங்களே கணக்குப் போட்டிருந்தால் அந்த வரைபடத்தைப் பார்க்கும்போது உடனே புரியும்.

வைவாவுக்கு இரண்டு கேள்விகளைக் கட்டாயம் தயார் செய்துகொள்ளுங்கள். ஒன்று, ஏன் எலக்ட்ரானை வைத்துச் செய்யவில்லை? நிறை குறைவு என்பதால் எலக்ட்ரானின் முதல் நிலை 2 மில்லிமீட்டர் உயரத்துக்கு வரும், பார்க்க வசதிதானே என்று மடக்குவார்கள். ஆனால் மீட்டருக்கு 0.000000000056 வோல்ட் மின்புலம் இருந்தாலே அது எலக்ட்ரானின் எடைக்குச் சமமாகிவிடும். அவ்வளவு தூரம் மின்புலத்தை யாரால் அடக்க முடியும்? நியூட்ரானுக்கு மின்னூட்டம் இல்லை, அதுதான் அதன் பலம். இரண்டாவது, விழும் பொருளின் இயக்கத்தில் நிறை அடிபட்டுப் போகும் என்று பள்ளியிலிருந்தே படிக்கிறோம். இங்கே ஏன் நிற்கிறது? நீளச் சூத்திரத்தில் இருக்கும் நிறையின் வர்க்கம் உண்மையில் நிலைம நிறை, ஈர்ப்பு நிறை இரண்டின் பெருக்கல். இரண்டும் சமம் என்றாலும் அது மறையாது. இந்த ஒரு பதிலுக்காக ஒரு மாலைப் பொழுதைத் தாராளமாகச் செலவிடலாம்.

நேரம் மிச்சமிருந்தால் 2011இல் வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஆபெலே குழு அதே கிரெனோபிளில் செய்த அதிர்வுச் சோதனைக்குப் போங்கள். தளத்தையே குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஆட்டி, நியூட்ரானை ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ வைத்தார்கள். ஒளியும் இல்லை, காந்தப்புலமும் இல்லை. எந்த அதிர்வெண் தேவை என்பதையும் நீங்களே போடலாம்: ஆற்றல் வித்தியாசத்தைப் பிளாங்க் மாறிலியால் வகுத்தால், ஒன்றிலிருந்து இரண்டுக்கு சுமார் 254 ஹெர்ட்ஸ், ஒன்றிலிருந்து மூன்றுக்கு சுமார் 463. இரண்டும் காதால் கேட்கக்கூடிய அதிர்வெண்கள்.