யார் பக்கத்து ரெட்டை?

ஸ்கேன் திரையில் கருப்பைக்குள் இரண்டு பைகள் போல இரண்டு வட்டங்கள் தெரிந்தால் நான் உடனே வாயைத் திறப்பதில்லை. கையிலிருக்கும் கருவியைக் கொஞ்சம் சாய்த்து, திருப்பி, இன்னொரு முறை எண்ணுவேன். ஒன்றையே இரண்டு கோணத்தில் பார்த்துவிட்டு ரெட்டை என்று சொல்லிவிடக் கூடாது. மூன்றாவது ஒன்று ஓரமாக ஒளிந்திருந்து தப்பிவிடவும் கூடாது. இரண்டு இதயத் துடிப்பையும் தனித்தனியாகப் பார்த்த பிறகுதான் பேச்சு. அந்த அரை நிமிடமும் படுத்திருப்பவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார், ஏதோ கோளாறு என்று. அதனால் இப்போதெல்லாம் "பயப்பட ஒன்றுமில்லை, எண்ணிக்கொண்டிருக்கிறேன்" என்று சொல்லிவிடுகிறேன். பாதிப் பேருக்கு அதிலேயே விஷயம் புரிந்துவிடும்.

விஷயத்தைச் சொன்னதும் வரும் முதல் கேள்வி, ரெண்டும் நல்லா இருக்கா. இரண்டாவது கேள்வி, அநேகமாக எப்போதுமே, "இது யார் பக்கம் டாக்டர்?"

அறிவியல் கேள்வி மாதிரிதான் இருக்கும். ஆனால் கேட்கிற குரலைக் கவனித்தால் வேறு கணக்கு ஓடுவது தெரியும். சிலருக்குப் பெருமையில் பங்கு வேண்டும். சிலருக்கு, வரப்போகிற செலவுக்கும் அலைச்சலுக்கும் யாரையாவது கைகாட்ட வேண்டும். இந்த வேலைக்கு வந்த புதிதில் எனக்கு இதெல்லாம் பிடிபடவில்லை. "ஆமாம், குடும்பத்தில் ஓடும்" என்று பரீட்சைக்குப் படித்ததை ஒப்பித்துவிடுவேன். அது பாதி உண்மை.

ரெட்டையில் இரண்டு வகை. ஒரே சினைமுட்டை கருவான பிறகு இரண்டாகப் பிரிவது ஒன்று. அச்சில் வார்த்த மாதிரி இருப்பவர்கள் இவர்கள். உலகத்தில் எங்கே எடுத்துப் பார்த்தாலும் 1000 பிரசவத்துக்கு ஏறக்குறைய 4 என்ற அளவில்தான் இது நடக்கிறது. தாயின் வயது, இனம், குடும்பம் எதுவும் அந்த எண்ணை அவ்வளவாக அசைப்பதில்லை. மிக அபூர்வமான சில குடும்பங்களை விட்டுவிட்டால் இதில் பரம்பரைக்குப் பெரிய வேலை கிடையாது.

இன்னொரு வகை, ஒரே மாதத்தில் இரண்டு முட்டைகள் வெளிவந்து இரண்டும் கருவாவது. ஒரே நாளில் பிறந்த அக்கா தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். குடும்பத்தில் ஓடுவது இதுதான், அதுவும் குழந்தைகளிடம் அல்ல, தாயின் சினைப்பையில். மாதாமாதம் பல முட்டைகள் வளரத் தொடங்கும், கடைசியில் ஒன்றுதான் முந்தி வெளியே வரும். முட்டையை வளர்க்கிற எஃப்.எஸ்.எச். என்ற ஹார்மோன் சற்றுக் கூடுதலாக இருந்தாலோ, சினைப்பை அதற்குக் கூடுதலாக அசைந்துகொடுத்தாலோ இரண்டு முந்தலாம். 2016இல் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து, இரு முட்டை ரெட்டையரைப் பெற்ற தாய்மார்களின் மரபணுக்களை ஆராய்ந்து இரண்டு இடங்களைக் கண்டுபிடித்தார்கள். ஒன்று அந்த ஹார்மோன் உருவாவதோடு சம்பந்தப்பட்டது, மற்றது சினைப்பை அதற்கு எப்படி அசைந்துகொடுக்கிறது என்பதோடு. நைஜீரியாவின் யொரூபா மக்களிடையே 1000 பிரசவத்துக்கு 40க்கும் மேல் ரெட்டை என்று பழைய கணக்கெடுப்புகள் சொல்கின்றன. அதே காலத்து ஜப்பானில் ஆறேழுதான். அந்த வித்தியாசம் மொத்தமும் இந்த இரு முட்டை வகையில்தான்.

அம்மாவுக்கோ உடன்பிறந்த சகோதரிக்கோ இந்த வகை ரெட்டை பிறந்திருந்தால் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. இரண்டு மடங்கு என்றதும் எல்லோரும் நிமிர்ந்து உட்காருவார்கள். நூற்றில் ஒன்று, நூற்றில் இரண்டாகிறது, அவ்வளவுதான். மீதி 98 பேர் ஒற்றைக் குழந்தையோடுதான் வீட்டுக்குப் போகப் போகிறார்கள்.

அப்பாக்கள் விஷயத்தில் நான் செய்தது அசட்டுத்தனம். ஒருவர் தானே ரெட்டையில் ஒருவர். திரையைப் பார்த்ததும் கண் கலங்கி, "என்னாலதான்" என்றார். "மனைவியின் முட்டை எத்தனை வெளிவரும் என்பதில் உங்களுக்குப் பங்கில்லை" என்று பட்டென்று சொல்லிவிட்டேன். உண்மைதான். ஆனால் அந்த முகம் சுருங்கியதை இன்னும் மறக்கவில்லை. இப்போது யாராவது அப்படிச் சொன்னால், "மகள் பிறந்தால் அவளுக்கு அதை நீங்கள் கொடுத்துவிடலாம்" என்கிறேன். அதுவும் உண்மைதான். ரெட்டை ஒரு தலைமுறை தாண்டித்தான் வரும் என்ற நம்பிக்கைகூட இதிலிருந்து கிளம்பியிருக்கும் என்பது என் ஊகம். அது எதையும் தாண்டுவதில்லை. மகன் வழியாகச் சத்தமில்லாமல் போய்ப் பேத்தியிடம் தலைகாட்டுகிறது.

நான் பட்ட பெரிய அடி வேறு. பன்னிரண்டாவது வாரத்தில் ஒரு பெண் வந்தார். திரையில் படம் துல்லியம்: முன்பக்கம் ஒரு நஞ்சு (கருவுக்கு ஊட்டம் தரும் நஞ்சுக்கொடி), பின்பக்கம் ஒரு நஞ்சு, நடுவில் தடித்த சவ்வு. அவருடைய சித்திக்கு ஆணும் பெண்ணுமாக ரெட்டை. எனக்கு எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. "இது இரு முட்டை ரெட்டை. உங்கள் அம்மா வழி. குழந்தைகள் தனித்தனி ஜாடையில் இருக்கும். உங்கள் தங்கைக்கும் வாய்ப்பு கூடும்" என்றேன். தங்கை பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். சிரித்தார்.

மூன்று வருடம் கழித்துத் தங்கையே முதல் ஸ்கேனுக்கு வந்தார். கூட அக்காவும், அந்த இரண்டு பெண் குழந்தைகளும். யார் யாரென்று எனக்குத் தெரியவில்லை. அச்சு அசல். "தனித்தனி ஜாடைன்னு சொன்னீங்களே டாக்டர்" என்று அக்கா கேலியாகத்தான் கேட்டார். டி.என்.ஏ. பரிசோதனை செய்து பார்த்தார்களாம், ஒரு முட்டைதானாம். தங்கை சிரிக்கவில்லை. "எனக்கும் ரெண்டு வந்துட்டா சமாளிக்க முடியாதுன்னு ஒரு வருஷம் தள்ளிப் போட்டோம்" என்றார்.

நான் மறந்தது சின்ன விஷயம். முட்டை முதல் மூன்று நாளுக்குள் பிரிந்துவிட்டால் ஆளுக்கொரு நஞ்சு உருவாகும். ஒரு முட்டை ரெட்டையரில் மூன்றில் ஒரு பங்கு அப்படித்தான். அது எனக்குத் தெரியாததல்ல. சித்தி கதை அழகாக இருந்தது, அதில் மயங்கிவிட்டேன். தங்கையின் பங்குக்குச் சித்தி வழியில் இருந்த வாய்ப்பு இருந்தபடியேதான் இருந்தது; அக்காவின் பெயரில் இல்லாத ஒன்றை நான்தான் ஏற்றிவைத்தேன். மன்னிப்புக் கேட்டேன். திரையில் அன்று ஒன்றுதான் இருந்தது. அவர் விட்ட மூச்சு அறை முழுக்கக் கேட்டது.

அதற்கப்புறம் அறிக்கையில் முட்டையைப் பற்றி எழுதுவதில்லை. நஞ்சு ஒன்றா இரண்டா, பனிக்குடம் ஒன்றா இரண்டா, அது மட்டும். சவ்வு நஞ்சைத் தொடுகிற இடத்தில் கிரேக்க லாம்டா எழுத்துப் போல விரிந்திருந்தால் நஞ்சு இரண்டு. ஆங்கில T எழுத்துப் போல நேராக இறங்கினால் ஒன்று. பதினான்கு வாரத்துக்குள் பார்த்துவிட வேண்டும், தள்ளிப்போனால் மங்கிவிடும். நஞ்சைப் பகிர்ந்துகொள்ளும் ரெட்டையரில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து ஜோடிகளுக்கு ரத்தம் ஒரு பக்கமாக ஓடிவிடுகிற ஆபத்து உண்டு. அதனால் பதினாறாவது வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அவர்களைப் பார்க்கிறோம். யார் பக்கம் என்பதைவிட எத்தனை நஞ்சு என்பது எவ்வளவோ முக்கியம். யாரும் அதைக் கேட்பதில்லை.

1980களின் தொடக்கத்தில் உலகம் முழுக்க 1000 பிரசவத்துக்கு 9 ஆக இருந்த ரெட்டை, 2010களில் 12 ஆகிவிட்டது. முப்பது வருடத்தில் பரம்பரை மாறிவிடாது. பெண்ணின் வயது முப்பதுகளின் நடுவை எட்டும்போது அந்த எஃப்.எஸ்.எச். ஹார்மோன் தானாகவே ஏறும், தாய்மை தள்ளிப்போகிறது, அப்புறம் கருத்தரிப்புச் சிகிச்சை.

போன மாதம் வந்தவரின் கோப்பில், சிகிச்சையில் இரண்டு கருக்களைக் கருப்பையில் வைத்த தேதி எழுதியிருந்தது. மாமியார் கூடவே வந்திருந்தார். திரையில் இரண்டைக் காட்டியதும் அவருக்குத் தாங்கவில்லை. "எங்க பக்கந்தான் டாக்டரம்மா. என் அத்தைக்கு ரெட்டை. அப்பவே நெனச்சேன்" என்றார். மருமகள் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். விரிப்பின் ஓரத்தை ஒரு கை இறுகப் பிடித்திருந்தது.

"அப்படித்தானே டாக்டரம்மா?"

மாமியாரின் அத்தைக்கும் மருமகளின் சினைப்பைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. சிகிச்சை இல்லாமல் இருந்தாலும் இல்லை. "குடும்பத்தில் ஓடுவது உண்டு அம்மா" என்றேன். பொய் இல்லாத ஒரு வாக்கியம். பிறகு நஞ்சு இரண்டு என்று எழுதினேன். மாமியார் போனை எடுத்துக்கொண்டு யாருக்கோ சொல்ல வெளியே போனார்.

மருமகள் எழுந்து உட்கார்ந்து, வயிற்றில் ஒட்டியிருந்த ஜெல்லைத் துடைத்துக்கொண்டே அடுத்த ஸ்கேன் எப்போது என்று கேட்டார். நான்கு வாரம் கழித்து என்றேன்.

"தனியா வரலாமா?"

"வரலாம்" என்றேன்.