பாஸ்டரின்ர சின்னக் கொப்பி

ஆராதனை முடிஞ்சு எல்லாரும் பிளேன்ரீ குடிச்சுக்கொண்டு நிக்கேக்க பாஸ்டர் ஐயா பொக்கெற்றுக்குள்ள இருந்து ஒரு சின்னக் கொப்பிய எடுத்து, பெயரைப் பெருவிரலால மறைச்சுப் பிடிச்சுக்கொண்டு, ஒரு வரிய மட்டும் எனக்குக் காட்டினார்.

"லோன் கட்டேலாமல் நிக்கினம். வர வெக்கப்படுகினம்."

சபையில ஒவ்வொரு ஆளுக்கும் இப்பிடி ஒரு வரி எழுதி வச்சுத்தான் விடியக்காலமை ஜெபிக்கிறாராம்.

சண்டைக்குப் பிறகு எங்கட வன்னியில தகரக் கொட்டிலுக்க தொடங்கின சபையள் கனக்க, இப்ப கட்டடம் வந்திட்டுது, சவுண்ட் சிஸ்டமும் வந்திட்டுது, அதுக்கு ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.

ஆனா எசேக்கியேல் 34ஆம் அதிகாரத்தில ஆண்டவர் மேய்ப்பர்மாரோட கோவிக்கிறது, நலிஞ்சதைப் பெலப்படுத்தேல்ல, முறிஞ்சதுக்குக் கட்டுப் போடேல்ல, காணாமல் போனதைத் தேடேல்ல எண்டுதான். காணாமல் போனது எண்ட சொல்ல, சண்டையில காணாமல் போன பிள்ளையளைத் தேடுற எங்கட அம்மாமார் கேக்கேக்க என்ன நினைப்பினமோ.

ஒரு பாஸ்டரால மட்டும் ஏலுற வேலையில்ல இது. வாலிபப் பிள்ளையளும் பெண்கள் ஐக்கியமும் கிழமைக்கு ஒரு வீட்டையெண்டாலும் போய்ச் சந்தியுங்கோ. பிரசங்கம் வேண்டாம், போய் இருந்து அவையள் சொல்லுறதைக் கேட்டாலே காணும்.

புதன் பின்னேரம் நான் ஐயாவோட போறன். ஆர் ஆர் வாறியள்?